சி.ஐ. கிரெடென்ஷியல் கோர்ஸ், அப்புறம் ட்ரெயினர் பயிற்சி: ரெண்டும் முடிச்சவளோட ரிவ்யூ

கோயம்புத்தூர்ல பி.பி.டி. (பிசியோதெரபி டிகிரி) முடிச்சு இப்போ ஒஹாயோல வேலை பாக்குற ஒரு தங்கச்சி போன வாரம் வாட்ஸ்அப்ல கேட்டா, "அக்கா, இந்த சி.ஐ. கிரெடென்ஷியல் கோர்ஸ் உண்மையிலேயே யூஸ் இருக்கா, இல்ல பேருக்கு பின்னாடி போட்டுக்கத்தானா? நீங்க ட்ரெயினரே ஆயிட்டீங்களே, அது எதுக்கு?"ன்னு. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீளமா போச்சு, சரி எல்லாருக்குமே ஆகட்டும்னு இங்க போடுறேன்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. அமெரிக்கால டி.பி.டி. (பிசியோதெரபி டாக்டரேட்) படிக்கிற ஸ்டூடண்ட் குறைஞ்சது 30 வாரம் முழுநேரமா கிளினிக்ல பயிற்சி எடுக்கணும், அது காலேஜ்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற கேப்டியோட ரூல். அங்க அவங்கள கைப்புடிச்சு கூட்டிட்டு போறவர்தான் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், சுருக்கமா சி.ஐ. நமக்கு லைசென்ஸும் ஒரு வருஷ முழுநேர அனுபவமும் இருந்தா போதும், சி.ஐ. ஆயிடலாம். சொல்லிக் குடுக்கத் தெரியுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பெரும்பாலான இடத்துல இதுக்குன்னு தனி சம்பளமும் கிடையாது, தினமும் இவ்வளவு வேலை காட்டணும்ங்கற புரொடக்டிவிட்டி கணக்கும் குறையாது. இந்த ஓட்டைய அடைக்கத்தான் ஏபிடிஏ, அதாவது அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் சங்கம், 1997லருந்து சி.ஐ.க்களுக்குன்னே ஒரு கிரெடென்ஷியல் (தகுதிச் சான்று) கோர்ஸ் நடத்துது. நான் போனப்போ லெவல் 1னா ரெண்டு நாள், 15 மணி நேரம். கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டு போறதுதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லாம்கூட வந்து உக்காரலாம், ஆனா கிரெடென்ஷியல் பிசியோதெரபிஸ்டுக்கும் அவங்க அசிஸ்டன்ட்டுக்கும் மட்டும்தான். அத நடத்துறவங்கதான் ட்ரெயினர்ஸ்.

நான் ஏன் போனேன்னா, என்னோட முதல் ஸ்டூடண்ட். மிச்சிகன்ல ஒரு நர்சிங் ஹோம் ரீஹாப்ல இருந்தேன் அப்போ. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆன ஒரு பாட்டிய பெட்லருந்து சேர்ல உக்கார வைக்கணும், ஸ்டூடண்ட் கெய்ட் பெல்ட்ட (பேஷன்ட் விழாம இருக்க இடுப்புல கட்டற பெல்ட்) புடிச்சிட்டு அப்படியே உறைஞ்சு நின்னுட்டா. நான் டக்குன்னு பெல்ட்ட வாங்கி நானே டிரான்ஸ்ஃபர் பண்ணி முடிச்சிட்டேன். வெளிய வந்ததும் "பரவால்ல, அடுத்த தடவை கான்ஃபிடன்டா பண்ணு"ன்னேன். அவ என் மூஞ்சிய பாத்து கேட்டா, "கான்ஃபிடன்டான்னா நாளைக்கு காலைல நான் எத மாத்தி பண்ணணும்?" எங்கிட்ட பதில் இல்ல. ராத்திரி முழுக்க அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

நம்ம ஊர்ல இன்டர்ன்ஷிப் பண்ணவங்களுக்கு தெரியும். ஓ.பி.ல பேஷன்ட் முன்னாடியே "நாலு வருஷம் என்னத்த படிச்ச?"ன்னு கத்துவாங்க, நாம கைய கட்டிட்டு நிப்போம். நான் ஒருநாளும் யாரையும் அப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிருந்தேன். ஆனா கத்தாம இருக்கறது மட்டுமே சொல்லிக் குடுக்கறது ஆகாதுல்ல. கஷ்டமான விஷயத்த சொல்லவே பயந்துட்டு எல்லாத்துக்கும் "குட் ஜாப்" போட்டுட்டு இருந்திருக்கேன், அதனால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கிடைக்கல.

சரி, கோர்ஸ். ஒரு சனி, ஞாயிறு. முதல் நாள் காலைல கொஞ்சம் மெதுவாத்தான் போகும், கற்றல் கோட்பாடு, குறிக்கோள் எழுதறது, அறிவு, கைத்திறன், மனப்பாங்குன்னு மூணா பிரிச்சு பாக்கறது. காலேஜ்ல படிச்சதுதானேன்னு தோணும், பொறுமையா இருங்க. குறிக்கோள் எழுதற பயிற்சி எனக்கு பின்னாடி ரொம்ப கைகுடுத்துச்சு. "டிரான்ஸ்ஃபர் நல்லா பண்ணணும்"ங்கறது குறிக்கோளே இல்ல. "ரெண்டாவது வாரம் முடியறதுக்குள்ள, கால்ல பாதி பளு மட்டும் தாங்கற பேஷன்ட்ட, சி.ஐ. வாய்திறந்து ஒரு தடவைக்கு மேல சொல்லாம, பெட்லருந்து சேருக்கு மாத்தணும்" இதுதான் குறிக்கோள். இப்படி எழுதி ஸ்டூடண்ட் கைல குடுத்துட்டா, நாளைக்கு காலைல எத மாத்தணும்ங்கற கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு.

எனக்கு கோர்ஸோட உசுரே அந்த அசெஸ்மென்ட் ஸ்டேஷன்கள்தான். மொத்தம் ஆறு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டூடண்டோட நிலைமை குடுப்பாங்க, நீங்க சி.ஐ.யா என்ன பண்ணுவீங்கன்னு காட்டணும். வருஷக்கணக்கா பேஷன்ட் பாத்த கைகள் அங்க நடுங்கறத பாத்தேன், என் கையும்தான். ஒருத்தர் தப்ப இன்னொருத்தர் முகத்துக்கு நேரா, மரியாதை குறையாம, மழுப்பாம சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அங்கதான் புரிஞ்சுது.

இன்னொண்ணு, எழுதி வைக்கறது. பாத்தத தனியா எழுதணும், அதுக்கு நீங்க குடுக்கற அர்த்தத்த தனியா எழுதணும், ஸ்டூடண்ட் என்ன சொல்றாங்களோ அதையும் சேக்கணும். "அக்கறை இல்லாத பொண்ணு"ங்கறது அர்த்தம். "மூணு நாள்ல ரெண்டு நாள் சார்ட் படிக்காம ரூமுக்குள்ள போனா"ங்கறது பாத்தது. பெரிய சம்பவம்னா, முன்னாடி என்ன நடந்துச்சு, அவங்க என்ன பண்ணாங்க, அதனால என்ன ஆச்சுன்னு மூணு கட்டமா. இத எழுத ஆரம்பிச்ச பிறகு நானே பல தடவை என் அபிப்பிராயத்த மாத்திக்கிட்டேன், ஏன்னா பாத்த கட்டத்துல எழுத ஒண்ணுமே இருக்காது, எல்லாம் என் எரிச்சலாத்தான் இருக்கும்.

சட்டம் பத்தின பகுதிய வேகமா சொல்லிடுறேன். 1990 மாற்றுத்திறனாளி சட்டப்படி ஸ்டூடண்டுக்கு என்ன வசதி செஞ்சு குடுக்கணும், 1974 கல்வி தனியுரிமை சட்டப்படி அவங்க மார்க்கையும் குறையையும் யார்கிட்டயும் வாய்விடக் கூடாதுங்கறது. லஞ்ச் ரூம்ல ஸ்டூடண்ட பத்தி பேசற பழக்கம் எல்லா கிளினிக்லயும் இருக்கு, அத நிறுத்துங்க. மெடிகேர் பார்ட் பி (பெரும்பாலும் வயசானவங்களுக்கான அரசு காப்பீடு) பேஷன்ட்ட ஸ்டூடண்ட் பாத்தா நீங்க முழு நேரமும் ரூம்லயே இருந்து முடிவுகள நீங்கதான் எடுக்கணும், அதே நேரத்துல வேற பேஷன்ட்ட பாக்கக் கூடாது. ஸ்டூடண்ட்ட எடுக்கறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட இத பேசிடுங்க. நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல ஸ்டூடண்ட்ட ஓசி ஆளா நினைச்சு என் லிஸ்ட்ல ரெண்டு பேஷன்ட் கூட்டிட்டாங்க, அத எடுத்துச் சொல்லி மாத்த எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இப்போ ட்ரெயினர் விஷயம். நீங்க ஏற்கனவே கிரெடென்ஷியல்ட் சி.ஐ.யா இருக்கணும், ஸ்டூடண்ட்ஸ நிறைய கையாண்டிருக்கணும், பெரியவங்களுக்கு பாடம் எடுத்த அனுபவமும் காட்டணும், அப்புறம் விண்ணப்பம் போட்டு பயிற்சிக்கு போகணும். நான் லெவல் 1 முடிச்சு பல வருஷம் கழிச்சுதான் போட்டேன், அதுக்குள்ள ஒரு பத்து ஸ்டூடண்ட் வந்துட்டு போயிருந்தாங்க. அது சரியான நேரம்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

அங்க ஒரு பகுதிய நாமளே எடுத்துக் காட்டணும், கூட இருக்கறவங்க கருத்து சொல்வாங்க. நான் ஃபீட்பேக் பகுதிய எடுத்தேன். முடிச்சதும் ஒருத்தங்க சொன்னாங்க, "நீங்க நல்ல கேள்வியா கேக்கறீங்க, ஆனா நாங்க வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிடறீங்க." 1970கள்லயே மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் ஆராய்ச்சி பண்ணி சொன்னதுதான், டீச்சர்ஸ் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அத மூணு செகண்ட் ஆக்கினாலே பதிலோட தரம் மாறிடுதுன்னு. படிச்சது வேற, வகுப்பு முன்னாடி நின்னு அந்த மூணு செகண்ட் அமைதிய தாங்கறது வேற. பேஷன்ட் ரூம்ல ஸ்டூடண்ட் யோசிக்கறப்போ நான் பெல்ட்ட புடுங்கினதும் இதே வியாதிதான்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

ட்ரெயினரா ரொம்ப கஷ்டமா இருந்தது, பாடத்திட்டம் நம்மளோடது இல்லைங்கறது. நமக்கு பிடிச்ச கதையெல்லாம் இஷ்டத்துக்கு சேக்க முடியாது, பிடிக்காதத வெட்டவும் முடியாது. டெக்சாஸ்ல வாங்கினவரும் மெயின் மாநிலத்துல வாங்கினவரும் ஒரே கிரெடென்ஷியல்தானே வெச்சிருக்காங்க, அப்போ ரெண்டு பேரும் ஒரே விஷயத்த கத்திருக்கணும்ல. அதவிட பாரம், இருபத்தஞ்சு வருஷம் வேலை பாத்த ஒருத்தர்கிட்ட "இந்த ஸ்டேஷன் பத்தல"ன்னு சொல்றது. இங்க வந்த புதுசுல லைசென்ஸ் பரீட்சையான என்.பி.டி.இ.க்கு முன்னாடி நம்ம டிகிரிய எடைபோட்டு இது குறையுது அது குறையுதுன்னு பேப்பர் வரும்ல, அப்போ வயிறு கலங்கினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அதனால அந்த வார்த்தைய சொல்றப்போ என்ன குறையுது, எப்படி சரி பண்ணலாம்னு சேத்தே சொல்றேன்.

குறைன்னு கேட்டா, ரெண்டு நாள் பத்தாது, அவ்வளவுதான். கத்துக்கிட்டு வந்து ஆறு மாசம் ஸ்டூடண்டே எடுக்கலன்னா பாதி மறந்துடும், அதனால அடுத்த ஸ்டூடண்ட் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி போறது நல்லது. ஸ்டூடண்ட மதிப்பிடற சி.பி.ஐ.ங்கற படிவமும் 2023ல மாறிடுச்சு, 18 அளவுகோல் இருந்தது இப்போ 12, பழைய நோட்ஸ வெச்சு யாராவது சொல்லிக் குடுத்தா நம்பாதீங்க. கோர்ஸோட வடிவமும் நான் போனப்போ இருந்த மாதிரியே இருக்காது, ஆன்லைன் பகுதியெல்லாம் சேந்திருக்கு, பதிவு பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. ஃபீஸ் மெம்பருக்கு குறைவு. உங்ககிட்ட ஸ்டூடண்ட் அனுப்புற ஸ்கூலோட டி.சி.இ.கிட்ட (கிளினிக் பயிற்சிய பாத்துக்கறவர்) முதல்ல கேளுங்க, பல ஸ்கூல் தங்களோட சி.ஐ.க்களுக்காகவே நடத்துது.

அதனால தங்கச்சிக்கு சொன்னது இதான்: லெவல் 1 இந்த வருஷமே போ, ட்ரெயினர் ஆகறத பத்தி அஞ்சாறு ஸ்டூடண்ட் பாத்ததுக்கு அப்புறம் யோசி. போறப்போ உன்கிட்ட தடுமாறின ஒரு ஸ்டூடண்டோட சம்பவத்த, பேரு ஊரு எதுவும் இல்லாம, ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு போ. பாத்தது ஒரு பக்கம், நீ நினைச்சது இன்னொரு பக்கம்.