முழு வரலாறா, சிறு அட்டையா?

ஒன்றாக அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் மேசைக் கதையாட்டத்தில், ஆட்டத்தை நடத்துபவரே பேசி நடிக்கும் துணைப் பாத்திரங்களுக்குச் சிலர் பிறப்பு முதல் இன்றுவரை பக்கம் பக்கமாக வரலாறு எழுதுகிறார்கள். வேறு சிலர் ஒரு தேவை, ஒரு பழக்கம், ஒரு ரகசியம் ஆகியவற்றை மட்டும் சிறு அட்டையில் குறித்துக்கொள்கிறார்கள்.

1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியில் நடக்கும் நெடுங்கதையில், இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறும் பயணிகளைச் சோதிக்கும் சுங்க அதிகாரிக்கு முழு வரலாறு தகும். அவர் பல அமர்வுகளில் திரும்ப வருவார், முன்பு சொன்ன பொய் பின்பு முரண்படக் கூடாது. ஆனால் உழைத்து எழுதியதையெல்லாம் ஒப்பிக்கும் ஆசை நடத்துபவருக்கு வந்துவிடும், ஆட்டக்காரர்கள் வெறும் கேட்பவர்களாகிவிடுவார்கள்.

இன்றைய பாம்பனில் கடற்பாசி எடுக்கும் பெண்ணுக்கு அட்டையே போதும். தேவை, கடனை அடைப்பது. பழக்கம், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணியைப் பேசிக்கொண்டே அவிழ்ப்பது. ரகசியம், குருசடைத் தீவருகே இரவில் கண்ட படகு. “யாரையாவது பார்த்தீங்களா அக்கா?” என்று ஆட்டக்காரர் கேட்கும்போது, அவிழ்க்கும் கை சட்டென நிற்க வேண்டும், எந்த வரலாற்றுப் பக்கமும் இந்த அளவுக்கு மனத்தில் தங்காது என்பது என் உறுதியான கருத்து.

அட்டை முறையில், அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த அமர்வில் மறக்கும் ஆபத்து உண்டு. ஆகவே, ஆட்டம் முடிந்த கையோடு, அந்தப் பாத்திரம் என்ன சொன்னது என்பதை அட்டையின் பின்புறம் எழுதிவைக்க வேண்டும்.