எக்ஸ்பி95, பவர்95, ஸ்பீடு 97: வேலூர் டர்போ கார்களுக்கு எது?

விர்டஸ் ஜிடி, ஸ்லேவியா, ஐ20 என் லைன் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு பெட்ரோலில்தான் வந்து நிற்கும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95-ஆ, எச்பியின் பவர்95-ஆ, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு 97-ஆ? என்னைக் கேட்டால், கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணை முதலில் பாருங்கள்.

அந்த எண்தான் ஆக்டேன். அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. டர்போ எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. வேலூரின் மே மாத வெயிலில் அந்தக் காற்றே கொதிக்கும். இதோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மேல் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் தானாகப் பற்றி எஞ்சின் தட்டும் நாக்கிங் வரப் பார்க்கும். நாக் சென்சார் அதை மோப்பம் பிடித்து தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைத் தாமதப்படுத்திவிடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை போய்விடும். 95 போட்டால் மீட்கிறீர்களே, அது இந்த இழுவையைத்தான். டர்போ இல்லாத, 91-க்கே வடிவமைத்த காரில் மீட்க எதுவும் இல்லை. காசுதான் தண்டம்.

எக்ஸ்பி95, பவர்95 இரண்டுக்கும் எண் ஒன்றே. சேர்க்கும் அடிட்டிவ் மட்டும் வேறு. ஓட்டிப் பார்த்து இது இன்னது என்று சொல்ல என்னால் முடியாது. 'எஞ்சினைச் சுத்தம் செய்யும்' என்ற விளம்பரத்தையும் பாதிதான் நம்பலாம். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் சுத்தமாகும், வால்வில் படிந்த கார்பன் அப்படியே இருக்கும்.

ஸ்பீடு 97? கம்பெனி டியூனில் ஓடும் காருக்கு அந்தக் கூடுதல் 2 பெரிதாகத் தெரியாது. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்தவர்களுக்கு உதவும்.

அப்புறம் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் எக்ஸ்பி100. 2020 டிசம்பரில் வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். எத்தனால் கலக்காதது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விரட்டப் போகிறவர்கள் சென்னையில் நிரப்பிக்கொள்ளட்டும், காட்பாடி போய் வர எதற்கு? மற்றபடி, 95 என்று எழுதியிருந்தால் எத்தனால் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனாலின் ஆக்டேன் அதிகம்தான், ஆனால் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்குவது அதனால்தான்.

என் ஓட்டு 95-க்கு. எக்ஸ்பியா பவரா என்பதை பங்க்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்தெரு பங்க்குகளில் பிரீமியம் மெதுவாகத்தான் தீரும், பழைய பெட்ரோல் கிடைக்கலாம். 48-ஆம் நெடுஞ்சாலையில் கூட்டம் உள்ள பங்க்காகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் டென்சிட்டி, அதாவது பெட்ரோலின் அடர்த்தி, கேளுங்கள். பதிவேட்டில் உள்ளதற்கும், கையில் எடுத்த சாம்பிளை 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிக் கணக்கிட்டதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டியை அடுத்த பங்க்குக்கு விடுங்கள்.