லினக்ஸ் பழுதுநீக்கமும் இணைய உதவியும்: வேலூரிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவப் பகிர்வு

வேலூர், குடியாத்தம், இராணிப்பேட்டை வட்டாரத்துச் சிறு கடைகளிலும் கைலி உற்பத்தியாளர்களின் கணக்கறைகளிலும் லினக்ஸ் இயங்குதளக் கணினிகளை நிறுவிப் பராமரிப்பதும், அவர்களுக்கு வேண்டிய ரசீது, சரக்கிருப்பு நிரல்களைப் பைத்தானில் எழுதித் தருவதும் என் தொழில். பல ஆண்டுகளாக இந்த வேலையில் எனக்குத் துணை நிற்பது இணையத்தில் கிடைக்கும் உதவிதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஆஸ்க் உபுண்டு போன்ற கேள்வி பதில் தளங்கள், ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் தொகுக்கும் ஆர்ச் விக்கி, அந்தந்த மென்பொருளின் வழுப் பதிவேடுகள், அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நீண்ட காலம் பயன்படுத்தியதில் நான் வந்து சேர்ந்த முடிவு இது: கணினி தன் பதிவேட்டில் (லாக்) என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதைப் படித்துவிட்டுத் தேடுகிறவருக்கு இந்த உதவி பெருஞ்செல்வம், படிக்காமல் தேடுகிறவருக்கு அது பிறர் நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டு.

குடியாத்தத்தில் ஒரு கைலிக் கடைக்காரர் கோடையில் என்னை அழைத்து, "காலையில நல்லா ஓடுது சார், மத்தியானம் ஆனா மெஷின் படுத்துக்குது" என்றார். லினக்ஸ் கணினி மெதுவாக ஓடுகிறது என்று தேடினால், எடை குறைந்த மேசைச்சூழலுக்கு மாறுங்கள், ஸ்வாப் (வட்டை நினைவகம்போல் பயன்படுத்துவது) பயன்பாட்டைக் குறையுங்கள், ராம் கூட்டுங்கள் என்று பதில்கள் வரிசையாக வரும். அவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் காலையில் ஓடி மதியத்தில் தளரும் கணினிக்கு அவை விடையாகவும் இல்லை. பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கே என்ற விருப்பத்துடன் இயக்கி, இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுதிய செய்திகளை மட்டும் பார்த்தபோது, வெப்பநிலை எல்லையைக் கடந்ததால் செயலியின் கடிகார வேகம் குறைக்கப்பட்டது என்று பொருள்படும் வரி பிற்பகல் நேரங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அக்னி நட்சத்திர நாள்களில் வேலூர் வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். உட்புறக் காற்றே சூடாக இருக்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியபோது, முதலில் வந்த பதில்கள் அனைத்தும் வெப்பத்தைப் பற்றியே பேசின. சென்சார்ஸ் கட்டளை வெப்பநிலையை உறுதிசெய்தது. விசிறியில் அடைத்திருந்த நூல் பிசிறை எடுத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. மென்பொருளில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தேடல் சொற்கள் நம் வாயிலிருந்து வராமல் கணினியின் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். தமிழ் இடைமுகத்தில் கணினியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பிழைச் செய்திகள் மொழிபெயர்க்கப்பட்டு வந்தால் அவற்றைக் கொண்டு தேடுவது கடினம். எல்சி ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்ற மதிப்பைக் கொடுத்து அதே கட்டளையை இயக்கினால், செய்தி மூல ஆங்கிலத்தில் கிடைக்கும். அந்த ஒருமுறைக்கு மட்டும் மாற்றினால் போதும், இடைமுகம் தமிழிலேயே இருக்கலாம்.

செய்தியை அப்படியே தேடினாலும் விடை தவறும் இடங்கள் உண்டு. வட்டில் இடமில்லை என்ற பிழை அவற்றுள் ஒன்று. அந்தச் செய்திக்குக் கிடைக்கும் பெரும்பாலான பதில்கள் பெரிய கோப்புகளைக் கண்டுபிடித்து அழிக்கச் சொல்கின்றன. நான் பார்த்த ஒரு கணினியில் டிஎஃப் கட்டளை வட்டில் பாதி இடம் காலியாக இருப்பதாகக் காட்டியது; ஆனாலும் ஒரு சிறு கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைத் தாங்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று வேண்டும்; அவற்றின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே நிலைப்படுத்தப்படுகிறது; இயல்பாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒதுக்கப்படுகிறது. சராசரியாக அதைவிடச் சிறிய கோப்புகள் குவிந்தால், இடம் தீர்வதற்கு முன்பே ஐநோடு தீர்ந்துவிடும். டிஎஃப் கட்டளையை ஐ விருப்பத்துடன் இயக்கியபோது நூறு விழுக்காடும் நிரம்பியிருந்தது தெரிந்தது. ரசீது நிரலொன்று விட்டுச்சென்ற தற்காலிகத் துணுக்குக் கோப்புகளே காரணம். இந்த விளக்கம் அதிக வாக்கு பெற்ற பதிலில் இல்லை, அதற்குக் கீழே வாக்குக் குறைந்திருந்த ஒரு பதிலில் இருந்தது. அன்றிலிருந்து முதல் பதிலோடு நிற்காமல், எந்தப் பதில் காரணத்தை விளக்குகிறது என்று பார்த்தே நம்புகிறேன்.

மின்தடை அடிக்கடி நேரும் இடங்களில் எல்லோரும் சந்திப்பது, கணினி தொடங்காமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கருந்திரையில் நின்றுகொண்டு, கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கைப்பட இயக்கும்படி கேட்பது. இணையம் உடனே தரும் பதில், எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லும் ஒய் விருப்பத்துடன் அதை இயக்குவதுதான். வெறும் மின்தடையால் வந்த குழப்பம் என்றால் பெரும்பாலும் அது போதும். ஆனால் வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால், அதன்மேல் எழுதி எழுதித் திருத்த முயல்வது எஞ்சிய தரவையும் கெடுக்கக்கூடும். கடைக்காரரின் ஓராண்டுக் கணக்கு அதில் இருக்கும்போது அவசரப்பட எனக்கு மனம் வருவதில்லை. யுஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸைத் தொடங்கி, வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு, பழுதால் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்) எத்தனை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் டிடிரெஸ்க்யூ மூலம் முழு வட்டையும் நகலெடுத்த பிறகே எஃப்எஸ்சிகே பக்கம் போகிறேன்.

பதிலின் வயதைப் பார்ப்பதும் இன்றியமையாதது. உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் 15.04 பதிப்பில், கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் அப்ஸ்டார்ட் போய் சிஸ்டம்டி வந்தது, 17.10 முதல் வலையமைப்பு அமைவுகள் நெட்பிளானுக்கு மாறின, 22.10 முதல் ஒலியைப் பல்ஸ்ஆடியோவுக்குப் பதில் பைப்வயர் கவனிக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008ஆம் ஆண்டிலும் ஆஸ்க் உபுண்டு 2010ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. அன்று சரியாக இருந்த விடைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ஆர்ச் விக்கியை நான் மற்ற லினக்ஸ் வெளியீடுகளுக்கும் நாடுவது இந்தக் காரணத்தால்தான்: அது தொடர்ந்து திருத்தப்படுகிறது, கட்டளையைத் தருவதற்கு முன் அந்தப் பகுதி எப்படி இயங்குகிறது என்று சொல்கிறது. வைஃபையே வேலை செய்யாதபோது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்துப் பெரும்பாலும் இணையம் பெற்றுவிடலாம். அதுவும் இயலாத இடத்தில் கணினியிலேயே இருக்கும் மேன் பக்கங்கள் என்ற கையேடுகள் இருக்கின்றன, அவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பைத்தான் பக்கம் வந்தால், டெபியன் 12 போன்ற புதிய வெளியீடுகளில், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கொண்டு ஒரு தொகுப்பை நேரடியாக நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். இதற்கு எளிதாகக் கிடைக்கும் பதில், பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்கச் சொல்கிறது. கணினியின் தொகுப்புகளை உடைப்பேன் என்று தன் பெயரிலேயே எச்சரிக்கும் ஒன்றைக் கடையில் ஓடும் கணினியில் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீஎன்வி கொண்டு, கணினியின் தொகுப்புகளைத் தொடாத தனிச் சூழல் அமைக்க இரண்டே கட்டளைகள் போதும்.

நிரல் வழுக்களில் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது போளூர் என்ற ஊர்ப்பெயர். வாடிக்கையாளர் பட்டியலை ஊர்வாரியாகத் தொகுக்கும் நிரல், போளூரை இரண்டு தனித்தனி ஊர்களாகக் காட்டியது. சோளிங்கரும் அப்படியே, ஆரணியும் காட்பாடியும் ஒழுங்காக இருந்தன. உரையாடி ஒன்றிடம் கேட்டபோது, சொல்லின் இருபுறமும் வெற்றிடம் இருக்கலாம், அதை நீக்கும் ஸ்டிரிப் செயற்கூறைப் பயன்படுத்துங்கள் என்றது. பயனில்லை. பிறகு நிரல் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, ஒன்றுபோல் தோன்றும் அந்த இரு சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் யூனிகோடு குறியெண்களையும் அச்சிட்டேன். ஒன்றில் ஆறு, மற்றொன்றில் ஏழு. யூனிகோடில் ஓகாரக் குறியை 0பிசிபி என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறியான 0பிசி7, துணைக்கால் 0பிபிஇ என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம், கணினிக்கு வெவ்வேறு சரங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளிலிருந்து மாற்றிய பெயர்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் பிரிந்து வருவது உண்டு. ஒகர, ஓகாரக் குறிகள் இல்லாத ஆரணியும் காட்பாடியும் தப்பியது அதனால்தான்.

காரணம் தெரிந்த பின் விடை தேட அதிக நேரம் ஆகவில்லை. பிரெஞ்சு மொழியின் மேற்குறியிட்ட எழுத்துகளுக்காகப் பலர் இதே சிக்கலைக் கேட்டு, யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தைப் பயன்படுத்தும்படி தெளிவான விடை பெற்றிருக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் பற்றி யாரும் கேட்டிராவிட்டாலும் விடை தமிழுக்கும் பொருந்துகிறது. தரவை உள்ளிடும் இடத்திலேயே ஒருமுறை இயல்பாக்கினால் தேடல், தொகுப்பு, ஒப்பீடு அனைத்தும் சீராகின்றன. தமிழில் நிரல் எழுதுகிற ஒவ்வொருவரும் இதைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரையாடிகளைப் பற்றி நடுநிலையாகச் சொல்ல விரும்புகிறேன். சரியானவைபோல் தோன்றும் தவறான விடைகள் குவிகின்றன என்று சொல்லி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை விதித்தது. அந்தக் கவலை நியாயமானது என்பதே என் அனுபவமும். ஆனால் ஒரு நீண்ட பிழைத் தடத்தைக் கொடுத்து எந்த வரியில் தொடங்க வேண்டும் என்று கேட்கவும், புரியாத பதிவேட்டு வரியைத் தமிழில் விளக்கச் சொல்லவும் அவை மிகவும் உதவுகின்றன. என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் ஆங்கிலத் தயக்கமின்றித் தமிழிலேயே கேட்கிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சி. பதிப்பு சார்ந்த கேள்விகளில் அவை சறுக்குகின்றன. இல்லாத விருப்பங்களையும் இல்லாத தொகுப்புப் பெயர்களையும் இருப்பதாகச் சொல்கின்றன. அப்படிக் கற்பனையாக வந்த ஒரு பெயரைத் தீயவர் எவரேனும் பிப் களஞ்சியத்தில் பதிவு செய்துவிட்டால், சொன்னபடி நிறுவுகிறவரின் கணினி அவர் கைக்குப் போய்விடும். எனவே விருப்பங்களை மேன் பக்கத்திலும், தொகுப்பை அதன் மூலக் களஞ்சியத்திலும் சரிபார்த்த பிறகே, நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டு இயக்குகிறோம். பதிவேட்டை ஒட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், கடவுச்சொல் ஆகியவற்றை நீக்குவது எங்கள் கட்டாய விதி.

ஒவ்வொரு கணினியிலும் ஓர் எளிய உரைக்கோப்பு வைத்திருக்கிறேன்: தேதி, வந்த பிழை வரி, கண்ட காரணம், மாற்றிய கோப்பு, விடை கிடைத்த பக்கத்தின் முகவரி. அடுத்த நெடுங்கால ஆதரவுப் பதிப்புக்கு மாறும்போது அதைத் திறந்து, எந்தத் திருத்தம் இன்னும் தேவை, எது தேவையற்றுவிட்டது என்று வரிவரியாகப் பார்க்கிறேன். உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு மாற்றிய கணினிகளில் பல்ஸ்ஆடியோவுக்காகச் செய்திருந்த பழைய மாற்றங்களை அப்படித்தான் கண்டுபிடித்து அகற்றினேன்.