ஹாலோவீன் குரோஷா பேட்டர்ன் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்களில் குரோஷா (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் பாதியிலிருந்தே இணையச் சந்தைகளில் ‘ஹாலோவீன் குரோஷா மெகா தொகுப்பு’ விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பூசணி, கறுப்புப் பூனை, சூனியக்காரித் தொப்பி, வௌவால் தோரணம், குட்டிப் பேய், சிலந்தி என்று ஐம்பது பேட்டர்ன் (எப்படிப் போடுவது என்று எழுதிய குறிப்பு), எல்லாம் சேர்த்துப் பத்து டாலருக்குள். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். அப்படி ஒரு தொகுப்பை வாங்கி ஏமாந்தேன். அந்தப் படங்களில் இருக்கும் பொம்மைகளை யாரும் கையால் போட்டதே இல்லை என்பது என் முடிவு. படம் ஏஐ செய்தது. பேட்டர்னும் அப்படி எழுதித் தள்ளியதுதான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அவனுக்குக் கிடைப்பதில் பாதியைத் தனியே எடுத்துவைக்க வேண்டியிருக்கும். இங்கே வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருந்தால், அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதிலாக ஸ்டிக்கர், பென்சில், சின்ன விளையாட்டுப் பொருள் மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். உணவு ஒவ்வாமைக்காக வேலை செய்யும் ஃபேர் என்ற அமைப்பு 2014-இல் நாடு முழுக்கக் கொண்டுபோன பழக்கம் இது. எங்கள் தெருவுக்கே அந்த நிறத்தில் குரோஷா பூசணிகள் போட்டுக் கொடுக்க வேண்டும், கூடவே பிள்ளைகளுக்குக் கொடுக்கக் குட்டிப் பூனைகளும் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் வாங்கினேன்.

பூனையிலிருந்து ஆரம்பித்தேன். தலை மேஜிக் ரிங்கில் (நூலை வளையமாக்கித் தொடங்கும் முறை) 6 சிங்கிள் குரோஷேயுடன் (அடிப்படை ஸ்டிட்ச்) தொடங்குகிறது. இரண்டாவது சுற்றில் 12, மூன்றாவதில் 18, நான்காவதில் 24. இதுவரை சரி. உருண்டையாக எதைப் போட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டுவதுதான் வழக்கம். ஐந்தாவது சுற்றில் ‘4 சிங்கிள், ஒரு இன்கிரீஸ், இதை 6 முறை’ என்று இருந்தது. இன்கிரீஸ் என்றால் ஒரே ஸ்டிட்சில் இரண்டு போடுவது. ஒரு முறை செய்ய ஐந்து ஸ்டிட்ச் வேண்டும், ஆறு முறைக்கு முப்பது. ஊசியின் கீழே இருப்பதோ 24. நடுவில் ஒரு சுற்றையே காணோம். விட்டுப்போயிருக்கும் என்று நானே சேர்த்துப் போட்டேன். அப்புறம் குறைக்கும் இடம் வந்தது. அங்கே 42 ஸ்டிட்சில் ‘5 சிங்கிள், ஒரு டிகிரீஸ், 6 முறை’ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 24 என்று எழுதியிருந்தார்கள். டிகிரீஸ் என்றால் இரண்டு ஸ்டிட்சைச் சேர்த்து ஒன்றாக்குவது. கணக்குப்படி 36 வர வேண்டும். 24 என்று நம்பி அடுத்த சுற்றுக்குப் போனால் தலை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறது. காது ‘ஒன்று போடவும்’ என்று இருக்கிறது. படத்தில் நீளமான வால் வளைந்து நிற்கிறது, பேட்டர்னில் வால் என்ற பேச்சே இல்லை.

மற்றதையும் திறந்து பார்த்தேன். முன்பக்கத்தில் ‘அமெரிக்க முறை’ என்று போட்டிருந்தது. ஆனால் பேய்க்கான பேட்டர்னில் பாதியில் பிரிட்டிஷ் முறைக்குத் தாவிவிட்டார்கள். அமெரிக்காவில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். இரண்டும் கலந்தால் துணி பஞ்சு வெளியே தெரிகிற அளவுக்கு லூசாகிவிடும். பூசணிப் படத்தில் அழகான ஆழமான வரிகள். எழுதியிருந்தது வெறும் பந்து. பொத்தான் கண்களை எங்கே, எப்படிப் பூட்டுவது என்றும் இல்லை, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கவனம் என்று ஒரு வரியும் இல்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் கழன்று வரும் சின்னப் பாகம் இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கைவேலை என்பதால் அது நமக்குப் பொருந்தாது என்று ஆகிவிடாது. குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் கண்ணைக் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.

கடைக்காரருக்குக் கணக்கை எழுதி அனுப்பினேன். ‘நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்பவர் என்று நினைக்கிறோம், நூலை இறுக்கிப் பிடித்துப் போட்டுப் பாருங்கள்’ என்று பதில் வந்தது. நூலை எவ்வளவு இறுக்கினாலும் 36 எப்படி 24 ஆகும்? திரும்பக் கேட்டதற்கு, டவுன்லோட் செய்த கோப்புக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று முடித்துவிட்டார்கள். அவர்களே போட்ட பூனையின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் வாராவாரம் பின்னல்காரர்கள் கூடுவோம். அங்கே வரும் திருநெல்வேலி அக்கா ஒருவர் நாற்பது வருடமாகக் குரோஷா போடுகிறவர். படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். “இது ஸ்டிட்சே இல்லம்மா. இந்த வரி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு விரல் வெச்சுப் பாரு” என்றார். வைத்துப் பார்த்தேன். காதோரத்தில் ஒரு வரி அப்படியே இன்னொன்றுக்குள் கரைந்துபோகிறது. முகத்தில் குரோஷா மாதிரி, வயிற்றில் இரண்டு ஊசிப் பின்னல் மாதிரி. மீசை உல்லன் நூலே இல்லை, நிஜப் பூனை முடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. காலும் உடம்பும் சேரும் இடத்தில் தையல் தெரியவே இல்லை. உண்மையில் போட்ட பொம்மையில் ஒவ்வொரு ஸ்டிட்சையும் எண்ணலாம், சுற்று முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஏற்றஇறக்கம் தெரியும்.

ஆகவே, வாங்கும் முன் கடைப் பக்கத்தில் ஒரே பொம்மை பல கோணத்தில், பாதி போட்ட நிலையில், யாராவது கையில் வைத்திருக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். விமர்சனங்களில் ‘க்யூட்’, ‘சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் மட்டும் இருந்து, வாங்கியவர் போட்டு முடித்த படம் ஒன்றுகூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 2007-இலிருந்து இருக்கும், பின்னல்காரர்களுக்கான ராவெல்ரி தளத்தில் பேட்டர்ன் பெயரைத் தேடினால், அதைப் போட்டவர்கள் என்ன நூல், எந்த ஊசி, எங்கே சிக்கல் என்றெல்லாம் படத்தோடு எழுதியிருப்பார்கள். உண்மையான பேட்டர்ன் எழுதுகிறவர்கள் ஒன்றுக்கே ஐந்து, ஆறு டாலர் வாங்குகிறார்கள். விற்பதற்கு முன்னால் தெரிந்தவர்கள் பலரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு சுற்றையும் சரிபார்க்கிறார்கள். அந்த விலை நியாயமானது. இந்தப் போலித் தொகுப்புகளால் முதல் அடி விழுவது அவர்களுக்குத்தான். இரண்டாவது அடி புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கு. தலை கோணியதும் தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து ஊசியைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள்.

போட்டு முடித்த அலங்காரமாக விற்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான குரோஷா முழுக்கக் கைவேலை. அதைக் கடைக்கு மொத்தமாகப் போட்டுத் தள்ளும் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. ஒரு உள்ளங்கையளவு பூசணிக்கே மணிக்கணக்கில் நேரம் ஆகும். அதை மூன்று டாலருக்குத் தருகிறேன் என்றால், ஒன்று அது குரோஷாவே இல்லை, இல்லை எங்கோ ஒருவருக்குக் கூலி கிடைக்கவில்லை.

எனக்குப் பணம் திரும்ப வந்தது கிரெடிட் கார்டு வழியாக. அமெரிக்காவில் சொன்னபடி பொருள் தராவிட்டால், அந்தச் செலவு வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பூனைத் தலைக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, விளம்பரப் படம், பேட்டர்ன் பக்கம், கடைக்காரரின் பதில் மூன்றையும் இணைத்து அனுப்பினேன். கடைக்காரருக்கு எழுதுவதை எப்போதும் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், ஆதாரமாக இருக்கும். செப்டம்பரில் வாங்கி நவம்பரில் ஞாபகம் வந்தால் நாள் ஓடிப்போயிருக்கலாம்.

பூசணிக்குக் காசு கொடுத்து பேட்டர்ன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 4-ஆம் எண் உல்லன் நூல், 5 மில்லிமீட்டர் ஊசி போதும். 31 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, இரண்டாவது செயினிலிருந்து சிங்கிள் குரோஷே போட்டால் வரிக்கு 30 கிடைக்கும். அடுத்த வரியிலிருந்து, ஸ்டிட்சின் மேலே தெரியும் இரண்டு நூலில் பின்பக்க நூலில் மட்டும் ஊசியை விட்டுப் போடுங்கள், அதுதான் பூசணியின் மேல் பள்ளமேடாகத் தெரியும். அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் வந்ததும் முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்குங்கள். அடியைச் சுருக்கி இழுத்து முடிச்சுப் போட்டு, பஞ்சு அடைத்து, மேலேயும் சுருக்கிவிடுங்கள். நடுவில் நூலை மேலும் கீழுமாக விட்டு இழுத்தால் சுளைசுளையாகப் பிரியும். காம்புக்குப் பழுப்பு நூலில் ஒரு சின்னத் துண்டு போட்டுச் சுருட்டித் தைத்தால் போதும்.

அந்தக் கடை இன்னும் மூடவில்லை. அதே பூனை முகம், தலையில் சிவப்புத் தொப்பி மட்டும் மாற்றி, இப்போது கிறிஸ்துமஸ் தொகுப்பு என்று விளம்பரம் ஓடுகிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் பூனைத் தலையின் ஐந்தாவது சுற்றைப் பாருங்கள். 24-லிருந்து நேராக ‘4 சிங்கிள், ஒரு இன்கிரீஸ்’ என்று இருந்தால் உங்களிடம் இருப்பதும் அதே கோப்புதான்.