அயனிப் பலகை: காற்றில் உலர்த்தவா, சூளையில் ஏற்றவா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் அயனி (காட்டுப் பலா வகை), பலாத் தடி வாங்கி அறுத்துப் பலகையாக விற்க இறங்குபவர்கள் தடுமாறும் இடம் இது.

செலவு
காற்று: மழை படாத கொட்டகை, பலகைகளுக்கு இடையில் வைக்க ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்). அவ்வளவுதான்.
சூளை (பலகையைச் சூடேற்றி உலர்த்தும் அறை): கூலி, வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் செலவு.

காலம்
காற்று: இஞ்சுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு.
சூளை: வாரக்கணக்கு.

ஈரம்
இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, கடல்காற்று வேறு. எத்தனை வருடம் அடுக்கி வைத்தாலும் பலகையில் ஈரம் 14, 15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம். சூளையில் 8 முதல் 12 வரை இறக்கலாம். பெங்களூரு ஏசி அறைக்கு மேசையாகப் போகும்போது அந்த வித்தியாசம் வெடிப்பாக வெளியே வரும்.

பூச்சி
காற்று: வெள்ளைப் பாகம் (தடியின் வெளிப்புற வெளிர் மரம்) உளுத்துப் போகலாம்.
சூளை: நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு அரைமணி நேரம் நின்றால் வண்டும் முட்டையும் சாகும். பிறகு வராது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உள்ளூர் வீட்டு வாசல் நிலை, ஜன்னலுக்குக் காற்றே போதும். வெளியூர் மேசைப் பலகை என்றால் சில மாதம் காற்றில் வைத்து அப்புறம் சூளை. பச்சையாக ஏற்றி அவசரச் சூடு கொடுத்தால் பிளந்துவிடும். எதுவானாலும் அறுத்த அன்றே இரு முனையிலும் பெயிண்ட் அடியுங்கள். ரப்பர் தடியா? யோசிக்கவே வேண்டாம், உடனே மருந்தும் சூளையும். தாமதித்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும்.