ஸ்கிரைபஸ் அளவுகோல்: ஒரு பக்க வடிவமைப்பாளரின் மதிப்பீடு

ஸ்கிரைபஸ் இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். ஆனால் திரையில் பக்கத்தின் மேலும் இடப்புறமும் தெரியும் அதன் அளவுகோலை யாரும் குறைத்து எண்ண வேண்டாம். சாளரத்தின் அடியில் உள்ள பட்டியலில் மில்லிமீட்டர், அங்குலம், அச்சுத்துறை அலகுகளான பாயிண்ட், பைக்கா என எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆவணம் முழுதும் உடனே மாறுகிறது. 210 மி.மீ. அகல ஏ4 தாள், பாயிண்டில் 595.276 ஆகிவிடும். 72 பாயிண்ட் ஓர் அங்குலம், 12 பாயிண்ட் ஒரு பைக்கா என்பது நினைவில் இருந்தால் போதும், மிரள மாட்டீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, இரு அளவுகோல்களும் சந்திக்கும் மூலை. அதைப் பிடித்து இழுத்து, சுழியத்தை ஓரவெளியின் உள்மூலையில் வைத்துக்கொள்வேன். பிறகு ஓரவெளியைக் கழிக்கும் கணக்கே கிடையாது. அதே மூலையில் இருமுறை சொடுக்கினால் சுழியம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வழிகாட்டிக் கோடுகளையும் அளவுகோலிலிருந்தே இழுத்துப் போடலாம்.

ஒரே குறை: கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஒரே அலகுதான். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தனித்தனியாக வைக்கலாம். எழுத்தளவும் வரி இடைவெளியும் பாயிண்டில் ஓடும்போது, 14 பாயிண்ட் வரி மில்லிமீட்டரில் 4.939 என்று நிற்பது எரிச்சல். வரிகளைச் சீராக்கும்போது நான் பாயிண்டுக்கு மாறிவிடுகிறேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் மீண்டும் மில்லிமீட்டர்.