அம்மாவின் கால்கட்டும் அட்டையில் அச்சடித்த விலையும்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை திருச்சிக்கு அவசரமாகக் கிளம்பி வந்தது அம்மாவுக்காக. வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். சர்க்கரை இருப்பதால் தையல் போட்ட இடம் ஆற நாள் எடுத்தது. வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் பொறுமையாகப் பேசினார், நர்ஸ்கள் அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் செலவு முன்பே தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தோம். எங்களை வாட்டியது அதற்கப்புறம் வந்த துண்டுச் சீட்டுகள். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் காஸ், ரோல் துணி, கிரேப் பேண்டேஜ், சலைன், கையுறை, பிளாஸ்டர் என்று எழுதித் தருவார்கள். கீழே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அட்டையில் போட்ட விலைக்கே வாங்கி வர வேண்டும். எழுபதைத் தாண்டிய அப்பா அந்தச் சீட்டோடு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என்ன விலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. படுத்திருக்கும் மனைவியை விட்டுவிட்டு எந்த மனிதர் கவுண்டரில் நின்று பேரம் பேசுவார்?

வீட்டுக்கு அனுப்பும்போது வாக்கர் வாங்கச் சொன்னார்கள். அங்கேயே 2,850 ரூபாய் கொடுத்து வாங்கினோம். சில நாள் கழித்துக் குளியலறை நாற்காலி வாங்குவதற்காக, சித்தப்பா மகன் என்னைப் புத்தூர் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடைக்கு அழைத்துப் போனான். அதே கம்பெனி, அதே மாடல் வாக்கர் அங்கே நின்றது. அட்டையிலும் அதே 2,850தான். கடைக்காரர் நான் கேட்காமலே 1,100 என்றார். “அதுல போட்டிருக்கிறதைப் பார்க்காதீங்க சார், அந்த விலைக்கு இங்க யாரும் விக்கிறதில்லை.”

இந்தக் கொள்ளைக்குச் சட்டத்தை மீற வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. அதிகபட்ச சில்லறை விலை என்று கம்பெனி எவ்வளவு அச்சடித்தாலும், அதற்கு மேல் விற்காத வரை குற்றமில்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் அவற்றின் விலையைக் கூட்டக் கூடாது என்பது விதி. ஆனால் முதல் விலையே மும்மடங்காக இருந்தால் அந்த 10 சதவீதம் யாரைக் காப்பாற்றும்? இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017இல் உச்சவரம்பு வைக்க முடிந்தது. புண் கட்டும் துணிக்கும் வாக்கருக்கும் ஏன் வைக்கக் கூடாது? தேசிய மருந்து விலை ஆணையம் 2018இல் டெல்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிய வந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்க வேண்டும் என்ற நெருக்கடி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டது. தமிழக அரசு இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். வாக்கர், டயப்பர் போன்றவற்றுக்கு வழக்கமான பாலிசிகள் பணம் தருவதில்லை. எல்லாம் நம் கையிலிருந்துதான்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பில்லை வாட்ஸ்அப்பில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் இது எதுவும் கண்ணில் படாது. மத்திய அரசுத் திட்டத்தில் குறைந்த விலைக்கு விற்கும் மக்கள் மருந்தகங்களில் மாத்திரை மட்டுமல்ல, சில சர்ஜிக்கல் சாமான்களும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். வாக்கர், காற்று மெத்தை எல்லாம் வாடகைக்கும் கிடைக்கின்றன. சில வாரத் தேவைக்கு அதுவே போதும்.

அடுத்த பரிசோதனையின்போது டாக்டரிடமே கேட்டேன், சாமானை வெளியே வாங்கி வரலாமா என்று. “தாராளமா வாங்கிட்டு வாங்க. ஸ்டெரைல்னு போட்டிருக்கா, கவர் பிரியாம இருக்கா, காலாவதி தேதி என்னன்னு மட்டும் பாத்துக்கோங்க” என்றார். வார்டில் இருந்தவரை எங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. இப்போது நர்ஸிடம் ஒரு வாரத்துக்கான பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு, அப்பா புத்தூர் கடையிலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார்.